இன்ஜின் நின்ற பிறகு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? முதுகு வலி குறைந்ததா, கேம்ப் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்று முதலில் எழுது.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உங்கள் கேம்ப் ஆபீஸ் போனில் பாதிப் பேச்சு இரைச்சலில் போய்விடுகிறது. எழுதினால் முழுசாக வந்து சேரும். இனி இப்படியே வைத்துக்கொள்வோம்.

பரணை ஒழிக்க ஏறினேன். உன் நீளமான அட்டைப்பெட்டி கையில் சிக்கியது. பழைய சைட்டிலிருந்து இந்தப் பாலம் வேலைக்கு மாறும்போது லீவில் இங்கே வந்து தங்கிவிட்டு நீ கிளம்பியபோது, "பத்திரமா வச்சிருக்கா" என்று கொடுத்துவிட்டுப் போனது. ஆறு வருடமாகப் பத்திரமாகத்தான் இருக்கிறது. உள்ளே நீ பாதியில் விட்ட விமானம். ஒரு பக்க இறக்கை முடிந்திருக்கிறது. மறுபக்கம் வெறும் விலா எலும்பு. ஒரு சின்ன இன்ஜின், ரிமோட், நீ பென்சிலால் போட்ட படம்.

இதை நான் முடிக்கப் போகிறேன். முடித்துப் பறக்கவிடவும் போகிறேன். அறிவுரை எழுதாதே. இருபத்து நாலு வருடமாக லேபில் உட்கார்ந்து பல் செட் செய்கிறேன். நான் செய்த பல் ஒன்றாவது என் கண் முன்னால் ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்ததில்லை. பெட்டியில் போட்டு அனுப்புவதோடு சரி. செய்த பொருள் வேலை செய்வதை ஒரு தடவையாவது நின்று பார்க்க வேண்டும்.

உன் பால்சா மரம் தக்கை மாதிரி இருக்கிறது. என் கத்திக்கு இதெல்லாம் வெண்ணெய். உன் அத்தான் அச்சகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "சாப்பாட்டு மேசையில ரெக்கை இருக்கு, தட்டை எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

எடை எங்கே நிற்க வேண்டும் என்று உன் படத்தில் அழிந்திருக்கிறது. அதை எழுது. உன் கல்யாணப் பேச்சு இந்தக் கடிதத்தில் இல்லை, பயப்படாமல் பதில் போடு.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் சுகம். முதுகு அப்படியேதான், சாப்பாடும் அப்படியேதான். இரண்டுக்கும் பழகிவிட்டேன். அத்தானைக் கேட்டதாகச் சொல். தட்டை வைக்க இடம் கிடைத்ததா?

கடிதத்தைப் படித்துவிட்டு கேபினில் தனியாகச் சிரித்தேன். அந்த விமானத்தை நானே மறந்துவிட்டிருந்தேன். கடித யோசனையும் எனக்குப் பிடித்திருக்கிறது. போனில் பேசுவது இங்கே எனக்கும் தொல்லைதான்.

கேட்டதற்குப் பதில். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் அடியில் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கு. மூக்கு லேசாகக் கீழே சாய வேண்டும். வால் சாய்ந்தால் மூக்கில் ஈயத்துண்டு வை. "பரவாயில்லை, கொஞ்சம்தானே" என்று விட்டுவிடாதே. வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்.

இன்ஜினைக் காதால்தான் சரிசெய்ய வேண்டும். எரிபொருள் அதிகமானால் தொண்டையில் சளி கட்டின மாதிரி கரகரக்கும். குறைந்தால் வீறிடும். நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது, கேட்டால் உனக்கே தெரியும்.

தனியாகப் போகாதே. ஊருக்கு வெளியே இருக்கிற மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளப் கூடும். அங்கே ஒருவர் கழுத்தில் விசிலோடு நிற்பார். அந்த விசில்காரர்தான் செயலாளர். சிடுமூஞ்சி, ஆனால் தொழில் தெரிந்தவர். அவரிடம் என் பெயரைச் சொல்லாதே, சேர்த்துக்கொள்ள மாட்டார்.

உன் தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. கை சும்மா இல்லை.

விமானம் முடிந்தது. மேலே போர்த்துகிற ஆரஞ்சு ஃபிலிமை அத்தானின் இஸ்திரிப் பெட்டியால்தான் ஒட்டினேன். இப்போது அவர் சட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகள். பிழை திருத்துகிறவர் அல்லவா, சட்டைக்கு ஒன்றாக எண்ணிச் சொன்னார். அதற்கப்புறம் அவரே மைதானத்துக்கு வந்து எரிபொருள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதையும் எழுத வேண்டும்.

விசில்காரர் நீ சொன்ன மாதிரியேதான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்கு வாங்குனது, பையனுக்கா?" என்றார்.

"எனக்கு. வாங்கல, செஞ்சது."

இறக்கையைத் தூக்கி விளிம்போடு ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. "பல் டாக்டரா?" என்றார். "பல் செய்றவ" என்றேன். அதற்கப்புறம் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் ரிமோட்டையும் என்னுடையதையும் ஒரு ஒயரால் கோத்துக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார். நான் தப்புச் செய்தால் ஒரு ஸ்விட்சைத் தட்டி அவர் எடுத்துக்கொள்வார். முதல் நாள் அந்த ஸ்விட்ச் ஓயவேயில்லை. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடது வலது மாறிப்போகிறதே, அதுதான் பெரிய பாடு. ஒரு வாரம் சமையலறையில் கரண்டியை விமானமாக்கிப் பழகினேன். இப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ரிமோட்டின் குச்சியைத் தள்ளுகிறேன். யோசிக்க வேண்டாம், முட்டுக் கொடுக்கிற மாதிரி.

இதுவரை பதினெட்டுத் தடவை மேலே போயிருக்கிறது. இன்ஜின் சங்கதியை அத்தான் பார்த்துக்கொள்கிறார்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமே வேண்டும். பதினெட்டுத் தடவை என்று படித்ததும் கீழே நின்ற ஆட்களிடம் கத்திச் சொல்லலாம் போல இருந்தது. சொல்லவில்லை. கிரேன் கேபினில் உட்கார்ந்தால் மனிதர்கள் எல்லாம் தீப்பெட்டி உயரம். என்னோடு பேசுவது ஒரே ஒருவர்தான், கீழே நின்று கையால் சைகை காட்டுகிற ஆள். நாங்கள் அவரைக் கைகாட்டி என்றே கூப்பிடுகிறோம். அவர் கையைப் பார்த்துத்தான் இரும்பு விட்டங்கள் ஏறி இறங்குகின்றன. நல்ல மனுஷன்.

ஒன்று புரியவில்லை. வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தத்தையே கண்டுகொள்ளாத அத்தானிடம் இன்ஜினை ஏன் விட்டாய்? நீயே செய். அதில்தான் பாதி சுகம்.

தனியாக விடத் தொடங்கியதும் எழுது.

உன் தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. விமானத்துக்குத்தான்.

போன ஞாயிறு விசில்காரர் ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் மட்டும் நின்றார். ஏற்றினேன். இரண்டு வட்டம் அழகாக வந்தது. மூன்றாவது வட்டத்தில் திரும்பும்போது பின்னால் எல்லோரும் ஏதோ கூச்சல் போட்டார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்துத் திருப்பினேன். ஒரு பக்க இறக்கை சட்டென்று தொங்கியது. அவ்வளவுதான். தட்டாமாலை சுற்றிக்கொண்டு நேராகத் தரைக்குப் போனது.

இன்ஜின் முந்தியே நின்றுவிட்டதாம். அதைத்தான் கத்தியிருக்கிறார்கள். "மூக்கைத் தாழ்த்து, மூக்கைத் தாழ்த்து" என்று.

விசில்காரர் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை பேர் கத்துறோம், காதுல விழலையா?"

"காத்து அதிகம்" என்றேன்.

உடைந்ததைக் கூட்டிப் பொறுக்கிக் கோணியில் கட்டிக் கொண்டுவந்தோம்.  வீட்டுக்கு வந்ததும் அத்தான் மேசையைத் துடைத்துக் கொடுத்தார். அன்றைக்கே ஒட்ட ஆரம்பித்துவிட்டேன். மூக்குப் பகுதி புதிதாகத்தான் செய்ய வேண்டும். இறக்கை பிழைத்துக்கொண்டது. அடுத்த மாதம் மறுபடி மேலே போகும்.

எனக்கு ஒன்று வேண்டும். இன்ஜின் நின்றால் பார்வைக்கு என்ன தெரியும்? சத்தத்தை விடு. கண்ணுக்கு என்ன தெரியும்? ஞாபகப்படுத்தி ஒவ்வொன்றாக எழுது.

அக்கா


ஜூலை 6

அக்கா,

நலம் விசாரிக்கத்தான் எழுதுகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். நீதான் எடுத்தாய். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நான்தான்" என்றேன். "அவர் அச்சகத்துல இருக்கார், சாயங்காலம் பண்ணுங்க" என்றாய். மூன்று தடவை கத்தினேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி. "சரிங்க, சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாய். தம்பி என்றே உனக்குத் தெரியவில்லை.

எத்தனை நாளாக?

காற்று என்று சொல்லாதே. இரைச்சல் என்று சொல்லாதே. எனக்குத் தெரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் சுவரோரமாக உட்காருவது. மற்றவர்கள் சிரித்த பிறகு சிரிப்பது. எதிராளி கேள்வி கேட்பதற்கு முன்னால் நாமே நிறையப் பேசிவிடுவது. வாயைப் பார்ப்பது, பார்க்காத மாதிரி பார்ப்பது. ஒன்றும் புரியாவிட்டால் "ஆமாமா" என்று தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம் அதற்கு ஆமாம் சொல்லியிருக்கலாமா என்று ராத்திரி பூராவும் யோசிப்பது. அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது உனக்கு வேண்டாம். அது பொம்மை இல்லை. இரண்டு கிலோ கனம், முன்னால் சுற்றுகிற கத்தி. ஓடுபாதையில் ஆள் இறங்கினால் விசில் அடிப்பார்கள், உனக்குக் கேட்காது. யாருக்காவது அடி பட்டால்? கேட்காத ஆள் ஆபத்தான பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கிறது என்று நடிப்பதைப் போல அயோக்கியத்தனம் வேறு இல்லை.

விட்டுவிடு அக்கா.

தம்பி


செப்டம்பர் 15

தம்பிக்கு,

இரண்டு மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். அத்தான் கார்டு போட்டாராமே, "அக்கா நலம், கோபமும் நலம்" என்று. சொன்னார்.

எத்தனை நாளாக என்று கேட்டாய். நாலு வருடம். முதலில் பறவைகள் நின்றன. பிறகு குக்கர். டாக்டர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். மாடிப்படி மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. காது மெஷின் வாங்கிப் போட்டேன். லேபில் உபயோகம்தான். வெட்டவெளியில் காற்றடித்தால் காதுக்குள் அருவி கொட்டுகிறது. அத்தானுக்கு மட்டும் தெரியும். உன்னிடம் மறைத்தது தப்பு. போனில் இரைச்சல் என்று சொன்னதும் பொய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு மாட்டேன்.

அம்மாவை நினைத்தாயாமே. நானும் நினைக்கிறேன், தினமும். கடைசிப் பத்து வருடம் அம்மா எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே "சரி, சரி" என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் "எங்க வலிக்குது?" என்று கேட்டபோதும் சிரித்து "சரி" என்றாள். நீ அப்போது ஊரில் இல்லை. நான் கட்டிலருகே நின்றேன். அப்படி ஓரமாக உட்கார்ந்து சிரிக்க எனக்கு இஷ்டமில்லை.

ஆனால் நீ எழுதியதில் ஒரு வரி சரி. கேட்கிறது என்று நடிப்பது அயோக்கியத்தனம். அந்த வரி குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு விசில்காரரிடம் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். "எனக்குச் சரியாக் காது கேக்காது. அன்னைக்குக் காத்துன்னு சொன்னது பொய்."

அவர் விசிலைத் திருகினார். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "விசில் கேக்காதவங்களை நான் தனியா விட முடியாதும்மா. விதி இருக்கு."

"விதி எதுக்கு? ஆளுக்கு அடிபடக் கூடாதுன்னுதானே. அடிபடாமப் பறக்கவிட முடியும்னு காமிச்சா?"

"எப்படிக் காமிப்பீங்க?"

"பரீட்சை வைங்க. மத்தவங்களுக்கு வைக்கிறதவிடக் கஷ்டமா வைங்க."

நவம்பரில் வைக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று தடவை இன்ஜினை அடக்குவார். மூன்று தடவையும் நானாகக் கண்டுபிடித்து, கோடு போட்ட இடத்துக்குள் இறக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழகிக்கொண்டிருக்கிறேன். ஒயர் போட்டு இன்னொரு ரிமோட்டை அத்தான் கையில் கொடுத்துவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் இன்ஜினை அடக்குவார். பிழை பிடிப்பதில் கெட்டிக்காரர், பிழை வைப்பதிலும் கெட்டிக்காரர். நீ எழுத மாட்டாய் என்று தெரிந்ததால் நானே பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். புகை நூல் மாதிரி பின்னால் வருமே, அது அறுந்துபோகும். பிறகு மூக்கு ஒரு மயிரிழை தாழும். வால் பலகைக்குத் தெம்பு போய்விடும், குச்சியைத் தள்ளினால் சோம்பேறி மாதிரி மெதுவாக அசையும். பல்லில் மயிரிழை உயரத்தைக் கண்ணால் பார்க்கிற எனக்கு ஆகாயத்தில் தெரியாதா? முதல் இருபது தடவையில் பதினொன்று தப்பவிட்டேன். போன ஞாயிறு இருபதில் இரண்டுதான்.

கடைசியாக ஒன்று. அந்தத் தந்திரங்களை வரிசையாக எழுதியிருந்தாயே, சுவரோரம் உட்காருவது முதல் ராத்திரி யோசிப்பது வரை. அம்மாவிடம் பார்த்தது என்றா சொல்கிறாய்? அம்மாவுக்குக் காது மங்கும் முன்பே நீ வெளியூர் போய்விட்டாய். நாம் ஒரே வீட்டில் இருந்தே பதினாறு வருடம் ஆகிறது. ராத்திரி பூராவும் யோசிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்தது?

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ எழுதினதே போதும் என்று இருக்கிறது. விட்டுவிடு என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

உனக்கு உபயோகப்படுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். கிரேனுக்குக் கைச்சைகை இருக்கிறது என்றேனே, இறக்கு, ஏற்று, நில் என்று எல்லாமே அதில் உண்டு. பறக்கவிடும்போது உன் கண் ஆகாயத்தில் இருக்கும், கையைப் பார்க்க முடியாது. அதனால் அத்தான் பின்னால் நின்று உன் தோளில் கை வைத்துக்கொள்ளட்டும். ஒரு தட்டு என்றால் பாதையில் ஆள் இருக்கிறார், இறங்காதே, மேலேயே சுற்று. இரண்டு தட்டு என்றால் பாதை காலி, இறங்கலாம். அழுத்திப் பிடித்தால் உடனே தூரமாகக் கொண்டுபோ. மூன்றே மூன்று போதும். நாலாவதாக ஒன்று வைத்தால் அவசரத்தில் குழம்பும். சைட்டில் அனுபவப்பட்டுச் சொல்கிறேன்.

விசில்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்.

நீ கேட்ட மற்றதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இங்கே வேலை நெருக்கடி.

உன் தம்பி


நவம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஜெயித்துவிட்டேன். முதலில் அதை எழுதிவிட்டால்தான் கை நிதானமாக ஓடும்.

தோள் சைகைக்கு விசில்காரர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. அத்தானைப் பார்த்து, "பாதையில ஆள் இருந்தா மட்டும் தட்டுங்க. இன்ஜின் நின்னா உங்க சுண்டுவிரல்கூட அசையக் கூடாது. நான் உங்க கையத்தான் பார்த்துட்டு நிப்பேன்" என்றார்.

மைதானத்தில் பன்னிரண்டு பேர். வேறு யாரும் பறக்கவிடவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஏற்றினேன். எட்டுப் போட்டேன், சதுரமாகச் சுற்றி வந்தேன். முதல் தடவை உயரத்தில் வைத்து அடக்கினார். புகை அறுந்தது, மூக்கைத் தாழ்த்திக் கொண்டுவந்து இறக்கினேன். இரண்டாவது, எதிர்க்காற்றில். கோட்டுக்குள் ஒரு முழம்தான் மிச்சம், ஆனால் உள்ளே.

மூன்றாவது தடவை மேலே சுற்றிக்கொண்டே இருக்கவிட்டார். நாலு வட்டம், ஐந்து வட்டம். கழுத்து வலித்தது. அடக்க மறந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். விமானம் சூரியனுக்குள் நுழைந்தது. கண் கூசி, ஆரஞ்சு கறுப்பாகி, வெளியே வந்தது. புகை தெரியவில்லை, வெயிலில் எப்போதும்தான் தெரியாது. ஆனால் மூக்கு. மூக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பல் செட் ஒன்றைக் கையில் எடுத்ததுமே எங்கோ இடிக்கும் என்று தெரியுமே, அப்படி. தோளில் இருந்த அத்தான் கை கல் மாதிரி அசையாமல் இருந்தது. அவ்வளவு அசையாமல் இருக்க அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பே மூக்கைத் தாழ்த்திவிட்டிருந்தேன்.

தாழ்வாகத்தான் வந்தது. போன தடவை மாதிரி இழுத்துத் திருப்பக் கை துடித்தது. இழுக்கவில்லை. வேகம் போகாமல் நேராகக் கொண்டுவந்து கடைசி ஆளுயரத்தில்தான் நிமிர்த்தினேன். புல்லில் உரசி, கோட்டுக்கு நடுவில் நின்றது.

எல்லாரும் எழுந்து வாயைத் திறந்து என்னவோ சொன்னார்கள். கை தட்டினார்கள், அது கண்ணுக்குத் தெரிந்தது. அத்தான் தோளிலிருந்து கையை எடுக்காமல் அழுதுகொண்டிருந்தார். விசில்காரர் நேராக வந்து, என் முகத்துக்கு எதிரே நின்று சொன்னார்: "காது கேக்குற என் ஆளுங்க மூணுல ரெண்டுதான் கண்டுபிடிப்பாங்க." பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றாமலேயே, "இனிமே விசிலோட சிவப்புக் கொடியும் உண்டு, எல்லாருக்கும்தான். கொடி தைக்கத் தெரியுமா?" என்றார். "பல் செய்யத்தான் தெரியும்" என்றேன். அத்தான் தைக்கிறார்.

இப்போது உன் விஷயம். வேலை நெருக்கடி என்று ஒன்றரை மாதம் ஓட்டிவிட்டாய். நான் வாய் பார்த்துப் பழகியவள், எழுதாததும் எனக்குத் தெரியும். உனக்கும் கேட்கவில்லை. அம்மாவின் காது நம் இரண்டு பேருக்கும்தான் வந்திருக்கிறது.

என் கையில் இருப்பது இரண்டு கிலோ. உன் கொக்கியில் தொங்குவது எத்தனை டன்? அதன் கீழே ஆட்கள் நடக்கிறார்கள். நடிப்பது அயோக்கியத்தனம் என்று எனக்கு எழுதினாயே, அதை யாருக்கு எழுதினாய்?

விசில்காரர் முன்னால் நான் போய் நின்ற மாதிரி உன் இன்ஜினியர் முன்னால் நீ போய் நில். இந்த மாதமே.

அக்கா


டிசம்பர் 8

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

லேபில் லீவு சொல்லிவிட்டேன். இருபதாம் தேதிக்குள் உன் கடிதம் வராவிட்டால் இருபத்தொன்றாம் தேதி ரயிலில் ஏறுவேன். வந்து உன் கிரேன் அடியில் நிற்பேன். இன்ஜினியர் யார் என்று கேட்டுக் கண்டுபிடிக்க எனக்குக் காது தேவையில்லை. நான் சொல்வதைவிட நீ சொல்வது உனக்கு மரியாதை.

அக்கா


டிசம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ரயில் ஏற வேண்டாம். சொல்லிவிட்டேன்.

முதலில் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். ஜூலை ஆறாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதினேனே, அதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு விட்டத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். கைகாட்டி ஒரு தூணின் மறைவில் இருந்தார். வாக்கி டாக்கியில் "நில்லு, நில்லு" என்று கத்தியிருக்கிறார். எனக்குக் கரகரவென்று ஏதோ ஒன்று. வழக்கம் போல 'சரி' என்று நினைத்துக்கொண்டு இறக்கினேன். வெல்டர் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். கைகாட்டி ஓடிவந்து என் கண்ணில் படும்படி நடுவெளியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நிறுத்தினேன். விட்டத்துக்கும் வெல்டர் தலைக்கும் ஒரு முழம்கூட இல்லை. வெல்டருக்குத் தெரியவே தெரியாது. பீடி பற்ற வைத்துக்கொண்டு போனார்.

காற்று என்று சொன்னேன். நீ சொன்ன அதே வார்த்தை. அதற்கு மூன்றாம் நாள் உன்னைத் திட்டி எழுதினேன். உன்னைத் திட்டவில்லை என்று உனக்கே தெரிந்துவிட்டது.

உன் நவம்பர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினேன். இன்ஜினியர் அறை வாசல் வரை இரண்டு தடவை போய், பாத்ரூம் போகிறவன் மாதிரி திரும்பிவிட்டேன். பதினெட்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறேன் அக்கா. மேலே ஏறாவிட்டால் நான் யார் என்றே எனக்குத் தெரியாது.

நேற்றுக் காலை மூன்றாவது தடவை. வாசலில் கைகாட்டி உட்கார்ந்திருந்தார். "உள்ள போறீங்களாண்ணே?" என்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"தெரியும். ஒரு வருஷமாத் தெரியும். அதனாலதான் வாக்கி டாக்கிய மூட்டை கட்டிட்டு எல்லாத்தையும் கையாலயே காமிச்சிட்டிருந்தேன். அன்னைக்கு ஒரு நாள்தான் தூண் மறைச்சிடுச்சு." எழுந்துகொண்டே சொன்னார்: "அன்னையிலேர்ந்து எனக்கும் தூக்கம் இல்லண்ணே. நானும் சொல்லாம இருந்துட்டேன்ல."

இரண்டு பேருமாக உள்ளே போனோம்.

இன்ஜினியர் முழுவதும் கேட்டார். திட்டினார். திட்டுவது சரி. பிறகு கிரேன் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். "டெஸ்ட் எடு, மெஷின் போடு, டாக்டர் எழுதித் தரட்டும், அப்புறம் பார்க்கலாம். ஏத்துவேன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார். அதுவரை கீழே, கொக்கிகளையும் கம்பி வடங்களையும் சோதிக்கிற வேலை. இன்று முதல் நாள். கைகாட்டி என் கிரேனுக்கு வந்த புது ஆளுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்காமல் வேலை செய்தேன். வடத்தில் ஒரு இழை அறுந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றச் சொன்னேன். பகல் அப்படிப் போயிற்று.

டெஸ்ட் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கே இல்லை, உன் ஊரில் இருக்கிறது. இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. இருபத்து நாலாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். உனக்குப் பார்த்த டாக்டரிடமே என்னையும் காட்டு. அந்த மாடிப்படிக் கோட்டை எனக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அத்தானிடம் சொல். ஸ்டேஷனுக்கு நீங்கள் இருவரும் வந்தால் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், எனக்குக் கேட்காது. நானும் உன்னைக் கூப்பிட மாட்டேன். கையைத் தூக்கிக்கொண்டு நில். நான் பார்த்து வந்துவிடுவேன்.

உன் தம்பி